ஆறு ஆறாய்க் கூட்டினால் வட்டம், இரட்டித்தால் பவளம்: பின்னல் கேள்வி பதில்

இந்த மாதம் குரோஷே என்ற கொக்கி ஊசிப் பின்னல் பற்றி வந்த கேள்விகள் பார்வைக்கு வேறு வேறாக இருந்தாலும் எல்லாமே கடைசியில் எண்ணிக்கையில்தான் போய் நிற்கின்றன. அதனால் இந்த முறை எண் தொடர்களை மட்டும் எடுத்துக்கொண்டேன். அதற்கு முன் ஒரு விஷயம். சிங்கிள் குரோஷே (குட்டை ஸ்டிச்), டபுள் குரோஷே (உயரமான ஸ்டிச்) என்று நான் எழுதுவது அமெரிக்க வழக்கு. பிரிட்டிஷ் புத்தகம் பார்த்துப் பின்னுபவர்களுக்கு என் சிங்கிள் அங்கே டபுள், என் டபுள் அங்கே ட்ரெபிள். இதைக் கவனிக்காமல் விட்டால் கீழே வரும் எண்கள் எதுவும் பொருந்தாது.

அக்கா, டம்ளர் வைக்கிற கோஸ்டர் பின்னுகிறேன். எல்லா வீடியோவிலும் சுற்றுக்குச் சுற்று ஸ்டிச் எண்ணிக்கை 6, 12, 18, 24 என்றுதான் சொல்கிறார்கள். அப்படியே போட்டாலும் எனக்கு ஓரம் மேலே தூக்கிக்கொண்டு கிண்ணமாகிவிடுகிறது. அது ஏன் எப்போதும் ஆறு? வேறு எண் வரக் கூடாதா?
(திருப்பூர் வாசகி)

தாராளமாக வரலாம். உங்கள் கைக்கு ஏழு தேவைப்படுகிறது என்று நினைக்கிறேன்.

வட்டத்தின் சுற்றளவு என்பது ஆரத்தைப் போல 2 பை மடங்கு, அதாவது ஏறக்குறைய 6.28 மடங்கு. ஒவ்வொரு சுற்று முடியும்போதும் உங்கள் கோஸ்டரின் ஆரம் ஒரு ஸ்டிச் உயரம் கூடுகிறது. அப்படியென்றால் சுற்றளவு அந்த உயரத்தைப் போல 6.28 மடங்கு கூடியே ஆக வேண்டும், இல்லாவிட்டால் துணி தட்டையாகப் படுக்காது. சிங்கிள் குரோஷே ஸ்டிச்சின் உயரமும் அகலமும் கிட்டத்தட்ட ஒன்று என்பதால், கூட வேண்டிய 6.28 உயரம் என்பது 6.28 ஸ்டிச் என்று ஆகிறது. அரை ஸ்டிச் கால் ஸ்டிச் போட முடியாது, ஆகவே ஆறு. டபுள் குரோஷே அதைப் போல இரண்டு மடங்கு உயரம், அதனால்தான் அங்கே 12, 24, 36 என்று பன்னிரண்டு பன்னிரண்டாகக் கூட்டுகிறோம். பத்தாம் வகுப்புக் கணக்கில் படித்த கூட்டுத் தொடர்வரிசைதான் இது, பொது வித்தியாசம் 6 அல்லது 12.

சரி, உங்களுடையது ஏன் தூக்குகிறது? சிலருக்கு நூலை மேலே இழுத்துப் பின்னும் பழக்கம் இருக்கும், அவர்கள் ஸ்டிச் அகலத்தைவிட உயரம் கூடுதலாக வரும். அப்போது ஆரம் வேகமாக வளரும், ஆனால் சுற்றளவு ஆறு ஸ்டிச் கணக்கிலேயே நிற்கும். ஓரம் போதாமல் மேலே ஏறுவது அதனால்தான். இதைச் சோதித்துப் பார்க்க 20 ஸ்டிச், 20 வரிசையில் ஒரு சதுரத் துண்டு பின்னுங்கள். அதன் உயரத்தை அகலத்தால் வகுத்து 6.28-ஆல் பெருக்குங்கள். அகலம் 10 செ.மீ., உயரம் 11.5 செ.மீ. என்று வந்தால் விடை 7.2, ஆக உங்கள் தொடர் 7, 14, 21, 28. அகலம் 10, உயரம் 9 என்று வருபவர்களுக்கு விடை 5.65, அவர்கள் ஆறோடே இருக்கலாம். ஓரம் அலை அலையாக நெளிந்தால் கூட்டுவது அதிகம் என்று பொருள், ஒன்றைக் குறையுங்கள்.

அப்புறம் இன்னொன்றும் கேட்காமலே சொல்கிறேன். கூட்டும் ஸ்டிச்களை (ஒரே ஸ்டிச்சுக்குள் இரண்டு போடுவதுதான் கூட்டல்) ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் போட்டால் ஆறு மூலைகள் தெரிய ஆரம்பித்து வட்டம் அறுகோணமாகிவிடும். ஒரு சுற்றில் "மூன்று சாதா, ஒரு கூட்டல்" என்று போனால் அடுத்த சுற்றை "இரண்டு சாதா, ஒரு கூட்டல், இரண்டு சாதா" என்று நடுவில் மாற்றிப் போடுங்கள். மொத்த எண்ணிக்கை மாறாது, மூலை மட்டும் மறைந்துவிடும்.

பொம்மைக்குத் தலை பின்னும்போது 6, 12, 18, 24, 30 என்று ஏற்றி, நான்கைந்து சுற்று 30-லேயே ஓட்டி, பிறகு இறக்குகிறேன். பஞ்சு அடைத்தாலும் முழு உருண்டையாக வருவதில்லை, உருண்டையின் நடுவில் ஒரு பட்டை தெரிகிறது.
(மதுரை வாசகி)

மொத்த ஸ்டிச்சைப் பார்க்காமல், ஒவ்வொரு சுற்றுக்கும் எத்தனை கூடுகிறது என்று மட்டும் பாருங்கள், காரணம் தெரிந்துவிடும். உங்கள் தொடரில் கூட்டல் 6, 6, 6, 6, பிறகு திடீரென்று 0, 0, 0, 0. ஆறு கூடினால் தட்டை என்று மேலே பார்த்தோம். பூஜ்யம் கூடினால் நேர்க்குழாய். ஆக நீங்கள் பின்னியிருப்பது ஒரு தட்டையான மூடி, ஒரு குழாய், இன்னொரு மூடி. டப்பா மாதிரியான ஒன்றைப் பஞ்சுதான் தள்ளித் தள்ளி உருட்டிக்கொண்டிருக்கிறது.

உண்மையான கோளத்தில் கூட்டல் ஆறிலிருந்து பூஜ்யத்துக்கு மெதுவாக இறங்க வேண்டும். நடுச்சுற்று 30 ஸ்டிச் என்று வைத்துக்கொள்ளுங்கள். உச்சியிலிருந்து அடிவரைக்கும் தூரம் அந்தச் சுற்றளவில் பாதி, ஆக 15 சுற்று. உச்சியை 0 டிகிரி என்று வைத்து, உருண்டையின் மையத்திலிருந்து பார்க்கும்போது ஒவ்வொரு சுற்றும் எந்தக் கோணத்தில் இருக்கிறதோ அதன் சைன் மதிப்பை 30-ஆல் பெருக்கினால் அந்தச் சுற்றின் ஸ்டிச் எண்ணிக்கை. சுற்றுக்குச் சுற்று 12 டிகிரி நகர்கிறோம்: 6, 18, 30, 42 என்று 90 டிகிரி வரை. கணக்குப் போட்டு முழு எண்ணாக்கினால் இப்படி வருகிறது:

3, 9, 15, 20, 24, 27, 29, 30, 29, 27, 24, 20, 15, 9, 3

இதில் கூட்டலை மட்டும் எழுதிப் பாருங்கள்: 6, 6, 5, 4, 3, 2, 1. இவ்வளவு ஒழுங்காக இறங்கி வரும் என்று நானும் எதிர்பார்க்கவில்லை, பார்த்ததும் அவ்வளவு சந்தோஷம். அளவு மாறினால் இதே எண்கள் வராது, ஆனால் முதலில் ஆறையொட்டித் தொடங்கி நடுவுக்கு வரும்போது ஒன்றாய்த் தேயும் நடை மாறாது. மேஜிக் ரிங்குக்குள் (தொடக்கத்தில் போட்டு இழுத்து இறுக்கும் நூல் வளையம்) மூன்றே ஸ்டிச் போடுவது கைக்கு வசதியாக இல்லையென்றால் நான்கில் தொடங்கி ஒன்பதுக்குப் போங்கள், வெளியில் தெரியாது. உங்கள் ஸ்டிச் அகலமும் உயரமும் சமமாக இருக்கும்வரை இந்தத் தொடர் சரியாக வரும்.

இதே வழியில் யோசித்தால் கூம்புக்குக்கூட யாரிடமும் பேட்டர்ன் வாங்க வேண்டியதில்லை. கூட்டலை மாற்றாமல் ஆறுக்குக் குறைவாக வையுங்கள், சுற்றுக்கு மூன்று என்று வைத்தால் நல்ல கூரான தொப்பி வரும், நான்கு ஐந்து என்று ஏற்ற ஏற்ற அகன்று படுக்கும்.

ஃபிபொனாச்சி எண்களில் கோடு போட்ட குழந்தைப் போர்வை பின்ன ஆசை. ஆரம்பித்தேன், நூலை வெட்டி வெட்டி ஒட்டுவதிலேயே பாதிப் பொறுமை போய்விட்டது. இது உண்மையிலேயே அழகாக வருமா, பேர் மட்டும்தானா?
(கோவை வாசகி)

அழகாக வரும். ஆனால் அதற்குக் காரணம் தங்க விகிதத்தில் (இந்தத் தொடரின் அடுத்தடுத்த எண்களை வகுத்தால் நெருங்கி வரும் 1.618) ஏதோ மந்திரம் இருப்பது என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. கோடுகள் ஒரே அளவில் இருந்தால் கண்ணுக்கு அலுப்பு, இஷ்டத்துக்கு இருந்தால் குழப்பம். 1, 1, 2, 3, 5, 8 என்பது ஒவ்வொன்றும் முந்தைய இரண்டையும் கூட்டி வருவதால் வளர்ச்சி தெளிவாகத் தெரிகிறது, அதே சமயம் இரட்டிப்பதுபோல ஒரேயடியாகப் பாய்வதும் இல்லை. அது போதும்.

நூல் வெட்டும் தொல்லைக்குக் காரணம் ஒற்றைப்படை. ஒரு நிறத்தில் மூன்று வரிசையோ ஐந்து வரிசையோ போட்டு முடித்தால் நூல் எதிர் ஓரத்தில் போய் நிற்கும், அடுத்து அந்த நிறம் வேண்டும்போது அது கைக்கெட்டும் இடத்தில் இருக்காது. ஃபிபொனாச்சியில் இரண்டு ஒற்றை, ஓர் இரட்டை என்ற கணக்கிலேயே தொடர் போகும், ஆக இந்தத் தொல்லையும் கூடவே வரும். எல்லா எண்ணையும் இரண்டால் பெருக்கிவிடுங்கள்: 2, 4, 6, 10, 16. விகிதம் அதேதான், ஆனால் நூல் எப்போதும் தொடங்கிய ஓரத்துக்கே திரும்பி வரும், ஓரத்தோடு மேலே ஏற்றிக்கொண்டு போகலாம். அகலமான கோட்டைத் தாண்டும்போது மட்டும், சும்மா இருக்கும் நூலை இரண்டு வரிசைக்கு ஒருமுறை ஓரத்தில் ஒரு முறுக்கு போட்டுக்கொள்ளுங்கள். கடைசியில் சுற்றிலும் பார்டர் போட்டால் அதுவும் மறைந்துவிடும்.

எனக்குப் பிடித்த அமைப்பு இது: நீலம் 16, வெள்ளை 2, நீலம் 10, வெள்ளை 4, நீலம் 6, வெள்ளை 6, நீலம் 4, வெள்ளை 10, நீலம் 2, வெள்ளை 16. நீலம் தேயத் தேய வெள்ளை வளர்கிறது. மொத்தம் 76 வரிசை. டபுள் குரோஷேயில் உங்கள் வரிசை ஒரு செ.மீ. உயரம் வந்தால் 76 செ.மீ. நீளம், கைக்குழந்தைக்குச் சரியான அளவு.

இந்த எண்கள் இத்தாலியிலிருந்து வந்தவை என்றுதான் பொதுவாக நினைக்கிறோம். ஃபிபொனாச்சி என்று நாம் சொல்லும் பீசா நகரத்து லியனார்டோ, முயல்கள் பெருகும் கணக்கில் இந்த எண்களைக் காட்டிய தன் கணக்குப் புத்தகத்தை எழுதியது 1202-ல். அதற்கு அரை நூற்றாண்டு முன்பே, சுமார் 1150-ல், குஜராத்தில் ஹேமச்சந்திரர் இதே எண்களைச் சொல்லியிருக்கிறார், அவருக்குப் பல நூற்றாண்டு முன்பே விரஹாங்கர் சொல்லிவிட்டார். அவர்கள் முயல் எதையும் எண்ணவில்லை, செய்யுள் சந்தத்தை எண்ணினார்கள். குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு மாத்திரை என்பது நமக்கும் தெரிந்த கணக்குத்தான். நான்கு மாத்திரை கொண்ட ஓர் அடியை எத்தனை விதமாக அமைக்கலாம்? நான்கு குறில் ஒரு விதம், ஒரு நெடிலும் இரண்டு குறிலும் இடம் மாறி மூன்று விதம், இரண்டு நெடில் ஒரு விதம், ஆக ஐந்து. ஐந்து மாத்திரைக்கு எட்டு, ஆறுக்குப் பதின்மூன்று. அதே எண்கள். குறிலுக்கு சிங்கிள் குரோஷே, நெடிலுக்கு டபுள் குரோஷே என்று வைத்து இந்த எட்டு விதங்களையும் எட்டு வரிசையாகப் பின்னிப் பாருங்களேன். ஸ்டிச் உயரமும் ஒன்றுக்கு இரண்டு என்ற கணக்கிலேயே இருப்பதால் வரிசையின் மேல் ஓரம் சந்தத்துக்கேற்ப ஏறி இறங்கும்.

கையில் இருப்பது ஒரே ஒரு நூல்கண்டு, முக்கோண ஷால். பாதி வந்துவிட்டோமா என்று எப்படித் தெரிந்துகொள்வது?
(பாண்டிச்சேரி வாசகி)

சமையலறைத் தராசு இருந்தால் கண்டை நிறுத்துப் பார்ப்பதுதான் முதல் வழி. ஆனால் வரிசைக் கணக்கிலும் தெரியும். நுனியிலிருந்து ஒன்று, இரண்டு, மூன்று என்று வளரும் எதுவும் மொத்தத்தில் 1, 3, 6, 10, 15 என்று முக்கோண எண்களாகத்தான் நூலைக் குடிக்கும். நூறு வரிசை ஷாலில் ஐம்பதாவது வரிசை வரும்போது கால்பங்கு நூல்தான் தீர்ந்திருக்கும். பாதி தீர்வது 70, 71-வது வரிசையில். "பத்தில் ஏழு" என்று ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். வட்டத்துக்கும் இதே கணக்கு: 6, 12, 18 என்று 20 சுற்று போனால் மொத்தம் 1260 ஸ்டிச், 14-வது சுற்று முடியும்போது சரியாக 630. அந்தக் கடைசி ஒரு சுற்று மட்டும் 120 ஸ்டிச், மொத்த நூலில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. பார்டருக்கு நூல் ஒதுக்கும்போது எல்லோரும் குறைத்து மதிப்பிடுவது இதைத்தான்.

நான் கணக்கு ஆசிரியை. குரோஷேயில் பவளப்பாறை செய்கிறார்கள், அது உயர்கணிதம் என்று ஒரு மாணவி சொன்னாள். உண்மையா, இல்லை சும்மா நெளிநெளியாகப் பின்னிவிட்டுப் பெரிய பெயர் வைக்கிறார்களா?
(திருநெல்வேலி வாசகி)

முழு உண்மை டீச்சர், உங்கள் மாணவிக்கு என் வாழ்த்தைச் சொல்லுங்கள்.

லாட்வியாவில் பிறந்த டைனா டைமினா அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் கணிதம் கற்பித்தவர். ஹைப்பர்போலிக் தளம் என்று ஒன்று உண்டு. நம் யூக்ளிட் வடிவியலில் ஒரு கோட்டுக்கு வெளியே உள்ள புள்ளி வழியாக ஒரே ஓர் இணைகோடுதான் வரையலாம், இந்தத் தளத்தில் கணக்கில்லாமல் வரையலாம். அதைக் கையில் தொட்டுப் பார்க்க கணித அறிஞர் வில்லியம் தர்ஸ்டன் சொன்ன முறையில் காகித வளையங்களை ஒட்டி மாதிரி செய்துகொண்டிருந்தார்கள், சீக்கிரம் கிழிந்துபோகும். 1997-ல் டைமினா அதைக் குரோஷேயில் பின்னினார். விதி ஒன்றே ஒன்றுதான்: குறிப்பிட்ட எண்ணிக்கை ஸ்டிச்சுக்கு ஒருமுறை கூட்டிக்கொண்டே இரு, எந்த வரிசையிலும் அந்த எண்ணிக்கையை மாற்றாதே.

கோஸ்டரில் சுற்றுக்கு ஆறு மட்டும் கூட்டினோம், அது கூட்டுத் தொடர். இங்கே ஐந்து ஸ்டிச்சுக்கு ஒன்று கூட்டினால் ஒவ்வொரு வரிசையும் முந்தையதைப் போல 1.2 மடங்கு, இது பெருக்குத் தொடர். இருபது ஸ்டிச்சில் தொடங்கினால் பத்து வரிசையில் சுமார் 124, இருபது வரிசையில் சுமார் 767. ஒவ்வொரு ஸ்டிச்சையும் இரட்டித்துப் பார்த்தால் வகுப்பில் எல்லோரும் வாய் பிளப்பார்கள்: 6, 12, 24, 48, 96 என்று போய்ப் பத்தாவது சுற்றில் 3072. தட்டை வட்டத்தில் அதே பத்தாவது சுற்றுக்கு வெறும் 60. அத்தனை ஸ்டிச்சுக்கும் அந்தச் சின்ன ஆரத்தில் இடம் ஏது? ஓரம் மடிந்து நெளியத்தான் வேண்டும். பவளமும் சில கீரை இலைகளும் நெளிவது இதே காரணத்தால்தான், ஓரம் நடுவைவிட வேகமாக வளர்கிறது. ஆஸ்திரேலியாவில் பிறந்த மார்கரெட், கிறிஸ்டீன் வெர்தைம் என்ற இரட்டைச் சகோதரிகள் இதைப் பிடித்துக்கொண்டு 2005-ல் லாஸ் ஏஞ்சலிஸில் குரோஷே பவளப்பாறைத் திட்டத்தைத் தொடங்கினார்கள். ஆயிரக்கணக்கானவர்கள் பல நாடுகளில் சேர்ந்து பின்னினார்கள்.

இன்னொன்றையும் மாணவிகளிடம் சொல்லுங்கள். 2004-ல் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தின் ஹிங்க ஒசிங்காவும் பெர்ண்ட் க்ராஸ்கோப்பும் வானிலைக் கணக்கிலிருந்து பிறந்த லோரென்ஸ் சமன்பாடுகளின் ஒரு பரப்பைக் குரோஷேயில் செய்து காட்டினார்கள். 25,511 ஸ்டிச், 85 மணி நேரம். எங்கே கூட்ட வேண்டும், எங்கே குறைக்க வேண்டும் என்பதைக் கணினி கணக்கிட்டுக் கொடுத்தது.

வகுப்பில் செய்ய, ஐந்துக்கு ஒன்று என்ற மாதிரி போதும். உள்ளங்கை அளவுக்கு வந்ததும் துணியை ஓரிடத்தில் மடித்து, அந்த மடிப்பின்மேல் வேறு நிறத்தில் ஓட்டுத் தையல் போடுங்கள், அதுதான் அந்தத் தளத்தில் நேர்கோடு. கோட்டுக்கு வெளியே ஒரு புள்ளியைக் குறித்து, அதன் வழியாக இன்னும் மூன்று மடிப்பு மடித்துத் தையுங்கள். முதல் கோட்டை எதுவும் தொடாமல் மூன்றும் விலகிப் போவதைப் பிள்ளைகள் விரலால் தடவிப் பார்க்கலாம். கரும்பலகையில் இதைக் காட்டவே முடியாது. விறைப்பான அக்ரிலிக் நூலும், நூலுக்கு வழக்கமாகப் போடுவதைவிட ஒரு சைஸ் சின்ன ஊசியும் எடுத்துக்கொள்ளுங்கள், மெத்தென்ற நூலில் வடிவம் நிற்காது.

டி.வி. மேல் போட வலைக்கட்டப் பின்னலில் ஏதாவது கணக்கு டிசைன் சொல்லுங்கள். சார்ட் பார்த்து எண்ணிப் பின்ன என் கண்ணுக்கு முடியாது.
(சேலம் வாசகி)

உங்களுக்கு சார்ட்டே தேவையில்லாத டிசைன் ஒன்று இருக்கிறது. நடுவில் துளை உள்ள கட்டம் காலி, டபுள் குரோஷேயால் நிரப்பியது அடைப்பு. 16 கட்ட அகலம் எடுங்கள். முதல் வரிசையில் இடது ஓரக் கட்டத்தை மட்டும் அடைத்துவிட்டு மற்ற பதினைந்தையும் காலியாக விடுங்கள். அடுத்த வரிசையிலிருந்து ஒரே விதி: நேர் கீழே இருக்கும் கட்டத்தையும் அதற்கு இடப்பக்கத்துக் கட்டத்தையும் பாருங்கள். இரண்டும் ஒரே மாதிரி இருந்தால் காலி, வேறு வேறாக இருந்தால் அடைப்பு. இடது ஓரத்துக்கு வெளியே இருப்பதெல்லாம் காலி என்று கொள்ளுங்கள். துணியைத் திருப்பிப் பின்னும் வரிசைகளில் மட்டும் இடம் வலமாக மாறும், அதைக் கவனித்தால் போதும்.

16 வரிசை முடிந்ததும் முக்கோணத்துக்குள் முக்கோணமாக, அதற்குள்ளும் முக்கோணமாக ஒரு வலை வந்திருக்கும். சியர்பின்ஸ்கி முக்கோணம் என்று பெயர். இரண்டு, நான்கு, எட்டு, பதினாறாவது வரிசைகளில் முக்கோணத்தின் அகலம் முழுவதும் இடைவெளியே இல்லாமல் அடைத்திருக்க வேண்டும், அப்படி இல்லையென்றால் நடுவில் எங்கோ ஒரு கட்டம் மாறிவிட்டது என்று அந்த இடத்திலேயே தெரிந்துவிடும். மொத்த அடைப்பு 81 கட்டம். இதற்கு அடியில் இருப்பது, மேலே உள்ள இரண்டு எண்களைக் கூட்டிக் கீழே எழுதிக்கொண்டே போகும் பாஸ்கல் முக்கோணம், ஒற்றைப்படை எண் வரும் இடமெல்லாம் அடைப்பு. நம் நாட்டில் அதற்கு மேரு பிரஸ்தாரம் என்று பெயர், செய்யுள் இலக்கணம் எழுதிய பிங்கலரின் நூலுக்குப் பத்தாம் நூற்றாண்டில் உரை எழுதிய ஹலாயுதர் விளக்கியிருக்கிறார், அதுவும் செய்யுள் கணக்குக்காகத்தான். பெரிய டி.வி. என்றால் 32 கட்டமாக எடுங்கள், விதி அதேதான்.

பை எண்ணின் இலக்கங்களை வைத்து ஸ்கார்ஃப் பின்னலாமா?
(சென்னை வாசகர்)

பின்னலாம், 3 வரிசை, 1, 4, 1, 5, 9 என்று நிறத்தை மாற்றிக்கொண்டே போக வேண்டியதுதான். பூஜ்யம் வந்தால் என்ன செய்வது என்ற கவலை 32-வது தசம இடம் வரைக்கும் கிடையாது. ஆனால் என் கருத்தைக் கேட்டால், பையின் இலக்கங்களில் கண் பிடித்துக்கொள்ள ஒழுங்கு எதுவும் இல்லை, தெரிந்தவர்களுக்கு மட்டுமே அது பை.

அதற்குப் பதில் ஃபிபொனாச்சி எண்களை மூன்றால் வகுத்து மீதியை எடுங்கள்: 1, 1, 2, 0, 2, 2, 1, 0, பிறகு திரும்பவும் முதலிலிருந்து. எட்டில் ஒரு சக்கரம் முடிகிறது. மீதி ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறமாக மூன்று நிறம், ஓர் எண்ணுக்கு ஒரு ஸ்டிச். ஸ்கார்ஃபை நிறுத்தாமல் சுழன்று போகும் குழாயாகப் பின்னி, ஒரு சுற்றுக்கு 48 ஸ்டிச் வைத்தால் நிறங்கள் ஒன்றின்மேல் ஒன்று செங்குத்துக் கோடாக நிற்கும். 49 வைத்தால் சுற்றுக்கு ஒரு ஸ்டிச் நகர்ந்து எல்லாக் கோடும் சாய்வாகச் சுற்றிக்கொண்டு ஏறும். 47 என்றால் எதிர்ப்பக்கம் சாயும். முதலில் 49-ல் ஒரு ஜாண் பின்னிப் பாருங்கள், பிடித்திருந்தால் அப்படியே தொடரலாம். மூன்று நிற நூலையும் உள்ளேயே தூக்கிக்கொண்டு போக வேண்டியிருப்பதால் மெல்லிய நூலாக வாங்குங்கள்.